வாடிய செடியும் வாளித் தண்ணீரும்

பள்ளித் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் சிவப்புச் சால்வியாவை நாம் ஆசையுடன் வளர்க்கிறோம். பிரேசிலிலிருந்து வந்த இச்செடி நம் துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் உறவு. அதன் தண்டும் துளசித் தண்டைப் போலவே நான்கு பட்டையாக இருக்கும். நலம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்தே சால்வியா என்ற பெயர் பிறந்தது. அப்பெயர் கொண்ட செடி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு அழகு சேர்க்குமுன்பே நம் தொட்டிகளில் மடிந்துபோவதேன்?

உதகையில் 1848-இல் அமைந்த அரசு தாவரவியல் பூங்காவின் மே மாத மலர்க்காட்சியில் சால்வியா செழித்துப் பூக்கிறது. அந்தக் குளிர் திருவள்ளூருக்கு ஏது? இங்கே கோடையில் வெயில் வாட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்கிறது. ஆயினும் வெயிலையும் மழையையும்விட, செடி வாடியதும் வாளியைத் தூக்கும் வழக்கமே அதற்கு அதிகக் கேடு செய்கிறது என்பது எங்கள் கருத்து.

நண்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால், அது வெயிலின் சோர்வு. காலையிலும் துவண்டிருந்தால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தால் வேர் அழுகல்; அங்கே ஊற்றும் தண்ணீர் நஞ்சாகும். இலைமேல் வெண்பொடி படிந்தால் சாம்பல் நோய். இலையின் அடியில் நுண்ணிய வலையும் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரம்போல் தூசி படியும் இடங்களில் இது எளிதில் பெருகும். இலை தழைத்தும் பூ இல்லையென்றால், நிழலோ உரமோ மிகுதி.

வருமுன் காப்பதும் எளிதே. தொட்டியின் துளை அடைபடாதிருக்கட்டும். செம்மண்ணுடன் மணலும் மக்கிய எருவும் கலக்கட்டும். செடிகளுக்கிடையே காற்று புகட்டும். தண்ணீரைக் காலையில் வேரடியில் ஊற்றுவோம். உதிர்ந்த பூக்கதிரைக் கிள்ளினால் புதுக்கதிர் வரும். செஞ்சிலந்தி, வெள்ளை ஈ கண்டால் இலையடியை நீரால் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் போதும். சிறுமியர் ஓடியாடும் பள்ளித் தோட்டத்தில் கடும் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுவது நம் முன்னோர் காட்டிய வழி. பெற்றோரே, பிள்ளையின் கையில் வாளியைக் கொடுக்குமுன் இலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். தோழியரே, இறைவன் நம்மிடம் ஒப்படைத்த உயிர் எதுவாயினும், அதன் குறையைப் பொறுமையோடு கண்டறிவதே அன்பின் முதற்படி.