ஆலோசகர் சொல்லிவிட்டார் என்றால்...



வாழ்வாதார உதவிக் கூட்டங்களில் நான் அடிக்கடி காணும் ஒரு காட்சி உண்டு. ஆலோசகர் கோழி வளர்க்கச் சொன்னால் கோழி, தையல் என்றால் தையல். எல்லோரும் தலையாட்டிவிடுகிறோம். யுத்தத்தில் வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கு, படித்தவர் ஒருவர் சொல்வதை மறுத்துப் பேச வாய் வருவதில்லை. ஆனால் நிபுணரிடம் எதைக் கேட்பது, எதை நாமே தீர்மானிப்பது? நான் பணிபுரியும் தெல்தெனியவின் கதையே இதற்கு நல்ல உதாரணம்.

இன்றுள்ள தெல்தெனிய புதிய நகரம். பழையது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் அதன் இடிபாடுகள் தெரியும்.

மகாவலி அபிவிருத்திக்காக 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் வகுத்தது 30 வருடத் திட்டம். 1977இல் பதவிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் அதன் முக்கிய வேலைகளை ஆறே வருடங்களில் முடிக்கத் தீர்மானித்தது. பிரித்தானிய உதவியுடன் கட்டிய விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உயரம் 122 மீற்றர், மின்சாரம் 210 மெகாவாற். பொறியியலாளர்களைக் குறை சொல்ல முடியாது. அணை இன்றும் உறுதியாக நிற்கிறது.

ஆனால் ஏறத்தாழ 30,000 பேர் ஊர்களை விட்டு எழும்ப வேண்டியிருந்தது. பலர் கிராந்துருகோட்டைப் பக்கம் குடியேற்றப்பட்டனர். இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் மேட்டுக்காணி, அதற்கு ஒரு அனுமதிப்பத்திரம். அது பெரும்பாலும் கணவன் பெயரில்தான். கண்டிப் பகுதிக் கிராமங்களில் பெற்றோரின் காணியில் மகளுக்கும் பங்கு இருந்தது. குடியேற்றத்திலோ பின்னுரிமையாளர் ஒருவரே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் மகளுக்கு முன்னே மகனைத்தான் வைத்தது. அந்தப் பாரபட்சத்தை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. கணவன் இறந்தால் அல்லது விட்டுப் போனால் இந்தப் பெண்ணுக்கு என்ன கதி என்று ஊரில் எந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் நின்ற நிலையில் சொல்லியிருப்பாள். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதற்காக நிபுணரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தபோது, விளைச்சல் விழும் என்று பேராதனைப் பல்கலைக்கழக விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. தடையை அவ்வருடம் நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் அடுத்த பெரும்போகமும் அடிபட்டுவிட்டது. மண்ணைப் பற்றி மண் படித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, கோழி வளர்ப்புத் திட்டம் ஒன்று உங்கள் ஊருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இராணிக்கெட் நோய்க்கு எப்போது தடுப்பூசி, கூட்டில் எத்தனை குஞ்சு விடலாம் என்பதெல்லாம் மிருக வைத்தியரின் பேச்சு. அங்கே அவர் சொல்வதே சரி. ஆனால் பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு தூரம், பக்கத்துக் கடைக்காரர் முட்டையைக் காசுக்கு வாங்குவாரா அல்லது கடன் கொப்பியில் எழுதுவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். தாழ்ந்த குரலில் என்றாலும் சொல்லுங்கள்.

இன்னுமொன்றையும் கேளுங்கள். குஞ்சுகள் செத்தால் கடன் தவணையைக் கட்டுவது யார்? நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, இந்தக் கேள்வி கேட்காமல் எந்தப் படிவத்திலும் கையொப்பம் வைக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஆலோசகர் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார், தவணை உங்கள் பெயரில் இருக்கும். அவர் சொல்லும் பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.