கோச் வந்து நாலு மேட்ச் ஆச்சு, கோல் எங்கே? ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேற!

"முன்னாடி அடிங்கடா! எதுக்குடா பின்னாடியே தட்டிட்டு இருக்கீங்க?"

2018-19 ஐ-லீக் சீசன். கோவை நேரு ஸ்டேடியம் கேலரியில் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அண்ணன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பல்லடத்தில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ் மாறி வந்த எனக்கும் அதே சந்தேகம்தான். கோல்கீப்பரிடம் இருக்கும் பந்தைத் தூக்கி அடித்தால் நேராக எதிரணி பாக்ஸ் பக்கம் போய்விடுமே... எதற்கு இத்தனை குட்டி குட்டி பாஸ்?

புது கோச் எந்த டீமுக்கு வந்தாலும் இந்தச் சண்டை தொடங்கிவிடும். நாலு மேட்ச்சில் கோல் வரவில்லை என்றால், "இவருக்கு அட்டாக்கே தெரியலைங்க" என்று தீர்ப்பும் எழுதிவிடுவோம். அந்தத் தீர்ப்பை நாம் ரொம்ப சீக்கிரம் எழுதுகிறோம் என்பது என் கருத்து. அதற்கு நம்ம கோவையிலேயே சாட்சி இருக்கிறது.

கோச் கையில் ரிமோட் இல்லை

அமெரிக்கக் கால்பந்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை ஆட்டம் நிற்கும். ஒவ்வொரு முறையும் அடுத்த மூவ் என்ன என்பதை ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் குழுவே சொல்லி அனுப்பும். அங்கே அட்டாக் சொதப்பினால் "ஏன் அந்த மூவைச் சொன்னே?" என்று கோச்சின் சட்டையைப் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

நம்ம கால்பந்து அப்படி இல்லை. 45 நிமிடம் விடாமல் ஓடும். டைம்-அவுட் கிடையாது. கோட்டுக்கு வெளியே நின்று கோச் கத்துவது பாதி வீரர்களுக்குக் காதில்கூட விழாது. எப்போது வேகம் கூட்டுவது, யார் உள்ளே ஓடுவது, யார் இடத்தை விட்டு விலகுவது எல்லாமே பிராக்டீஸில் வாரக்கணக்கில் ஊற வைக்க வேண்டியவை.

பல்லடத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல தறியே போதும். புதுப் பாவு ஏற்றி, புது ரகம் ஓட்டத் தொடங்கியதும் முதல் மீட்டரிலேயே சுத்தமான துணியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே இருக்கும் பொறுமை, ஸ்டேடியத்துக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறது.

கோவையில் என்ன நடந்தது?

2017-18 சீசனில் சென்னை சிட்டி எஃப்சி 10 அணிகளில் 8-வது இடம். அந்த அணியின் நட்சத்திரமான மைக்கேல் சூசைராஜும் அடுத்த சீசனுக்கு முன் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அந்த நிலையில்தான் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் புது கோச்சாக வந்தார். அவர் கையில் எடுத்தது பாதுகாப்பான ஆட்டம் அல்ல. பந்தை வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து கட்டி, அட்டாக் செய்யும் ஆட்டம்.

அதற்கேற்ற ஆட்களையும் நிர்வாகம் கொடுத்தது. ஸ்பெயின் கால்பந்தில் இருந்து பெட்ரோ மான்சி, சாண்ட்ரோ, நெஸ்டர் வந்தார்கள். கூடவே நம்ம எட்வின், அலெக்ஸாண்டர் ரொமாரியோ.

மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9-ம் தேதி, கோவையில் மினர்வா பஞ்சாபுக்கு எதிரான கடைசி மேட்ச். தொடங்கிய சில நிமிடங்களிலேயே நம்ம அணி பின்தங்கியது. இடைவேளை வரை 0-1. இரண்டாவது பாதியில் மான்சி பெனால்டியில் ஒன்று, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு. 3-1 என ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன்! ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டு அணி.

'அப்போ ஓவன் கோய்ல் கதை?'

இந்த இடத்தில் சென்னையின் எஃப்சி ரசிகர்கள் கை தூக்குவார்கள். நியாயம்தான். 2019-20 ஐஎஸ்எல்லில் ஜான் கிரிகரியின் கீழ் முதல் 4 மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. சீசன் நடுவிலேயே ஓவன் கோய்ல் வந்தார். அதே வீரர்களை வைத்தே ஃபைனல் வரை கூட்டிப் போனார். வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல். கோச்சை மாற்றினால் அட்டாக் மாறும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

ஆனால் கிரிகரி அப்போது புது கோச் இல்லை. 2017-18-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அடுத்த சீசனில் கடைசி இடத்துக்கு வந்தவர். அவருடைய திட்டத்தை இரண்டு சீசனுக்கு மேல் பார்த்த பிறகுதான் மாற்றினார்கள். நாலு மேட்ச்சில் எடுத்த முடிவு அல்ல அது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. அடுத்த 2020-21 சீசனில் சபா லாஸ்லோவின் கீழ் சென்னையின் 20 மேட்ச்சில் அடித்தது 17 கோல்தான். முழு சீசன் பார்த்த பிறகு ரசிகர்கள் கோபப்பட்டால், அது நியாயமான கோபம்.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

ஸ்கோர்போர்டை ஒரு நிமிடம் மறந்துவிட்டு இதை மட்டும் பாருங்கள்.

1. ஒரே மாதிரியான வாய்ப்பு திரும்பத் திரும்ப உருவாகிறதா? உருவாகிறது, கோல் மட்டும் விழவில்லை என்றால் திட்டம் வேலை செய்கிறது. வாய்ப்பே வரவில்லை என்றால்தான் பிரச்சினை.

2. அந்த ஆட்டத்துக்கு ஏற்ற ஆட்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால் கேள்வி நிர்வாகத்துக்கு.

3. எடுபடாத நாளில் கோச் எதையாவது மாற்றிப் பார்க்கிறாரா? பிடிவாதத்தையும் பொறுமையையும் பிரித்துக் காட்டுவது இதுதான்.

கெடு எவ்வளவு? லீக்கில் எல்லா அணியோடும் ஒரு முறை ஆடி முடிக்கும் வரை. அதாவது பாதி சீசன். அதுவரை திட்டுங்கள், கத்துங்கள், மீம் போடுங்கள். 'வெளியே போ' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அட்டாக் ஆடி கோப்பை வாங்கிய சென்னை சிட்டி இன்று எங்கே? 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லை. கோவை ஜெயித்துக் காட்டிய மூன்றே ஆண்டுகளுக்குள் அந்த அணி நம் கையை விட்டுப் போய்விட்டது. கோச்சின் ஒவ்வொரு பாஸையும் கேள்வி கேட்ட நாம், டீம் காணாமல் போனபோது அதே சத்தத்தில் கேட்டோமா?

பின்வரிசை அண்ணன் இப்போது எந்த டீமைத் திட்டுகிறாரோ தெரியாது. திட்டுவதற்காவது கோவைக்கு மறுபடியும் ஒரு டீம் வேணுமுங்க.