பந்து பட்ட விரல்

ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட்டுவிட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆகவே போடவில்லை. ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஒரே பெண். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

அந்தப் பெண் கல்லூரியில் பேஸ்பால் ஆடுகிறாளாம். வெறும் ஆட்டமல்ல, கோஷ்டியில் சேர்த்துக்கொண்டு, அடுத்த மாதம் வெளியூர்ப் போட்டிக்கு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சமயம் பார்த்து, போன வாரம் பந்து வலது கை மோதிர விரலில் பட்டு வீங்கிவிட்டது. நாத்தனார் வந்து பார்த்தாராம். "ஏம்மா, படிக்க அனுப்பினியா, பந்து பொறுக்க அனுப்பினியா? நாளைக்கு விரல் கோணிப் போச்சுன்னா மோதிரத்தை எதுல போடுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. "அவளை நிறுத்திவிடட்டுமா, அனுப்பட்டுமா? எனக்கு அந்த ஆட்டம் என்னவென்றே தெரியாது. தெரியாத விஷயத்துக்கு எப்படி 'சரி' என்று சொல்வது?" என்று முடிக்கிறார்.

கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெரியாத விஷயத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். இந்த அம்மாள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். ஆகவே சகோதரி, முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டுக்கு இதை ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோஷ்டிக்கு ஒன்பது பேர். சதுரமாக நான்கு மூலை. ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் தொண்ணூறு அடி. உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலையையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். தடுத்துப் பிடிக்கிறவர்கள் இடது கையில் பெரிய தோல் உறை மாட்டியிருப்பார்கள். பந்தின் எடை சுமார் 145 கிராம். இனிச் சொல்வதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும்: அந்தப் பந்தின் மேல் எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகளைச் சிவப்பு நூலால் கையாலேயே தைத்திருப்பார்கள், தையல் 108. அஷ்டோத்தரம் மாதிரி! முன்பு குதிரைத் தோல். 1974-க்குப் பிறகு மாட்டுத் தோல். உங்கள் பெண் பயிற்சிக்குக் கொண்டுபோகும் பந்தை ஒரு நாள் கையில் வாங்கித் தையலைப் பாருங்கள். நேர்த்தியா இல்லையா என்று உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அந்த மைதானத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது பழைய ஆட்டம். இரண்டு கல்லூரிகள் எதிரெதிராக நின்று ஆடிய முதல் பந்தயம் 1859-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, மாஸசூஸெட்ஸில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. (அப்போது விதிகள் வேறு, அதனால்தான் இத்தனை ஓட்டம்.) அதோடு விடவில்லை. உடம்பு மட்டும் போதாது, மூளையும் வேண்டும் என்று இரு கல்லூரிகளும் சதுரங்கமும் ஆடின. அதிலும் ஆம்ஹர்ஸ்டே ஜெயித்தது. விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று சொல்லும் பெரியப்பாக்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

ஆனால் அவர்களெல்லாம் ஆண்கள். நீங்கள் கேட்டது பெண்ணைப் பற்றி. அதற்கு ஏழு வருஷம் தள்ளி வரவேண்டும்.

நியூயார்க் மாகாணத்தில் பௌகீப்ஸி என்று ஓர் ஊர். அங்கே மாத்யூ வாஸர் என்ற பீர் வியாபாரி பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டினார். 1865-ல் திறந்தார்கள். மறு வருஷமே, 1866-ல், அங்கே பெண்கள் இரண்டு பேஸ்பால் கோஷ்டிகள் அமைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு லாரல் என்று பெயர், மற்றொன்றுக்கு அபெனாக்கி. உடை என்ன தெரியுமா? தரை கூட்டும் பாவாடை, கழுத்து வரை பொத்தான். 1876-ல் ஒரு கோஷ்டி எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது. அதைப் பார்த்தால், இந்தப் பாவாடையோடு எப்படி ஐயா ஓடினார்கள் என்று நமக்கே மூச்சு வாங்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் நமக்கு அது புரியாத கஷ்டமல்ல.

அந்தக் காலத்தில் அங்கே படித்த சோபியா ரிச்சர்ட்சன் என்ற பெண்மணி, இருபது வருஷம் கழித்து, 1896-ல், படித்த பெண்களின் சபை ஒன்றில் பழைய கதையைச் சொன்னார். ஏழெட்டுக் கோஷ்டிகள் இருந்தனவாம். வெளி உலகத்துக்குத் தெரிந்த மட்டில், கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். இவர்களோ கல்லூரி வளாகத்தில் ஒதுக்குப்புறமாக, மரங்களின் மறைவில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது ஆம்பூரில் மட்டும் உள்ள வியாதி இல்லை, பாருங்கள்.

ஒரு நாள் ஒரு பெண் மூலைக்கு மூலை ஓடும்போது விழுந்து காலில் அடிபட்டுக்கொண்டாள். தோழிகள் அவளைக் கல்லூரி வைத்தியசாலைக்குத் தாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போதே எல்லார் மனத்திலும் ஒரே பயம்: இன்றோடு ஆட்டம் முடிந்தது, இனிக் கட்டையைத் தொட விடமாட்டார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் வெப்ஸ்டர், பெண் டாக்டர். அவர் காலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? ஊர் ஜனங்கள் இதைக் கேட்டால் இந்த ஆட்டமே முரட்டுத்தனம் என்றுதான் கண்டிப்பார்கள். ஆனால் இதே பெண் நடனம் ஆடும்போது காலை முறித்துக்கொண்டிருந்தால், நடனத்தையே ஒழிக்க வேண்டும் என்று யாரும் கிளம்பமாட்டார்கள் என்றாராம்.

சகோதரி, இந்த இடத்தில் நான் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் நாத்தனாரை நினைத்துக்கொண்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அண்ணன் பெண்ணின் மேல் உள்ள அக்கறைதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் பதினான்கு வருஷத்தில் தையல் மிஷின் ஊசி உங்கள் விரலில் ஏறியதே இல்லையா? அப்போது யாராவது வந்து, விரல் கோணிவிடும், கம்பெனிக்குப் போகாதே என்றார்களா? அருவாமணையில் விரலை அறுத்துக்கொண்டால் சமையலை நிறுத்தச் சொல்கிறோமா? சம்பளம் வரும் காயத்துக்கும் சாப்பாடு வரும் காயத்துக்கும் மஞ்சள் வைத்துக் கட்டிவிடுகிறோம். சந்தோஷத்துக்காக ஆடி வந்த காயத்துக்குத்தான் பஞ்சாயத்து.

அந்த டாக்டர் ஒரு பெண்ணாக இருந்தது தற்செயலா என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலூர் உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், ஆண் டாக்டர் வேண்டாம் என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் மாண்டதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டருக்குப் படிக்கப் போனார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி தொடங்கினார். பெண்களால் பாஸ் செய்ய முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1922-ல் முதல் கோஷ்டிப் பெண்கள் பதினான்கு பேரும் தேறினார்கள். அந்த அம்மாளும் டென்னிஸ் பைத்தியம். வயதான பிறகும் ராக்கெட்டைக் கீழே வைக்கவில்லை.

பேஸ்பால் மட்டும் நம் பக்கம் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அமெரிக்கர் வராமல் இல்லை. ஹாரி குரோ பக் என்பவர் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் தேகப் பயிற்சி படித்துவிட்டுச் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் கோஷ்டியை அழைத்துப் போனவரும் அவரே. அந்த ஸ்பிரிங்ஃபீல்டில்தான் 1891-ல் நெய்ஸ்மித் என்பவர் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பக்கத்து ஊரான ஹோலியோக்கில் 1895-ல் வாலிபால் பிறந்தது. இரண்டும் ஒய்.எம்.சி.ஏ. வழியாக நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்து, நம்முடையவையே ஆகிவிட்டன. நந்தனத்தில் படித்துத் தேறியவர்கள் ஊர் ஊராக டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் வாலிபால்; பேஸ்பாலுக்கோ பெரிய மைதானம் வேண்டும், ஆளுக்கொரு தோல் உறை வேண்டும். அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். நான் படித்த பள்ளியில் அந்த வலையும் ஆண்களுக்குத்தான். டிரில் மணி அடித்தால் பெண்களாகிய நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிவிட்டு, வரிசையாக வகுப்புக்குத் திரும்புவோம். எங்களுக்கு விரலே வீங்கியதில்லை!

இந்தியாவில் பேஸ்பாலுக்கென்று சம்மேளனம் ஏற்பட்டது 1983-ல்தான். ஆனால் 2016-ல் தென் கொரியாவில் கிஜாங் என்ற ஊரில் பன்னிரண்டு நாடுகள் கூடிய பெண்கள் பேஸ்பால் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்களும் ஆடினார்கள். பாகிஸ்தான் பெண்களும் ஆடினார்கள். அமெரிக்காவிலேயே பெண்களுக்குப் பாதை சுளுவாக இருந்துவிடவில்லை. 1931-ல் பதினேழு வயது ஜாக்கி மிட்செல், பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரைப் பந்து வீசி வெளியேற்றினாள். அது நிஜமா, வேடிக்கைக்குச் செய்த ஏற்பாடா என்று இன்னும் சண்டை நடக்கிறது. யுத்த காலத்தில் 1943-ல் பெண்களுக்கென்று பந்தய அமைப்பு ஒன்று தொடங்கி, 1954-ல் மூடிவிட்டார்கள். 1989-ல் ஜூலி குரோட்டோ, மேரிலாந்தில் ஒரு கல்லூரியின் ஆண்கள் கோஷ்டியிலேயே இடம் பிடித்தாள். 2023 மார்ச்சில் பிரௌன் பல்கலைக்கழகத்துக்காக ஒலிவியா பிச்சார்டோ கட்டை எடுத்து நின்றபோது, அந்நாட்டுக் கல்லூரிப் பந்தயங்களின் முதல் வரிசையில் ஒரு பெண் ஆடியது அதுவே முதல் தடவை. வாஸர் பெண்கள் மரத்தடியில் ஆடி நூற்றைம்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது!

கையுறையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. தோல் சம்பந்தப்பட்டது என்பதால் உங்களுக்குச் சொல்லாமல் விட மனமில்லை. ஆதியில் ஆண்கள் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள். உறை போட்டால் பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். 1875-ல் சார்லஸ் வெயிட் என்பவர் கை வலி தாங்காமல் உறை போட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று தோல் நிறத்திலேயே வாங்கியிருந்தாராம். எதிர்க் கோஷ்டியில் இருந்த ஸ்பால்டிங் கண்டுபிடித்து விசாரித்தார். வெயிட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு வருஷத்தில் ஸ்பால்டிங்கே கறுப்பு உறை மாட்டிக்கொண்டு ஆட வந்தார். தம்முடைய விளையாட்டுச் சாமான் கடையில் உறைகளை விற்கவும் செய்தார்.

இனி உங்கள் பெண்ணின் விரல். ஒரு வாரமாகியும் வீக்கம் வடியவில்லை என்கிறீர்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் பிடித்து இழுக்க விடாதீர்கள். எலும்பில் கீறல் இருக்கலாம். நுனி எலும்போடு ஒட்டிய தசைநாண் அறுந்திருந்தால் விரல் நுனி தானாக நிமிராது. நாளைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஒருவேளை கட்டுப் போட்டால், டாக்டர் சொல்லும் நாள் வரை கட்டைப் பிரிக்கக் கூடாது, போட்டி இருந்தாலும் சரி. இதில் பெண்ணின் பேச்சைக் கேட்காதீர்கள்; இந்த வயதில் வலிக்கவில்லை என்று பொய் சொல்லும்.

பிறகு ஒரு நாள் மைதானத்துக்குப் போங்கள். பந்து அடிக்கும்போது தலைக்கவசம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அவள் மாட்டும் உறை அவள் கைக்குப் பொருந்துகிறதா, அல்லது ஆண்பிள்ளைகளின் பழைய உறையில் விரல்கள் நீந்துகின்றனவா என்று பாருங்கள். வலது கை விரலில் அடிபட்டது என்பதால் கேட்கிறேன்: பந்து வரும்போது உறையில்லாத கையை முன்னால் நீட்டுகிறாளோ? சொல்லிக்கொடுப்பவரிடம் அதைத் திருத்தச் சொல்லுங்கள். வெளியூருக்கு எந்த ஆசிரியை கூட வருகிறார், எங்கே தங்க வைக்கிறார்கள், திரும்பி வரும் ரயில் எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்காத தாயார்கள்தான் பிறகு இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்ன குறை என்பதையும் அவளிடமே சொல்லுங்கள். நாத்தனார் சொன்னார் என்று மட்டும் காரணம் காட்டாதீர்கள். எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதிப் போடவும். பந்தின் தையலைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தையும் சேர்த்து எழுதினால் சந்தோஷப்படுவேன்.