லீட் வாசித்தவர் பெயர்

பங்குனி பிறந்தால் பூலாம்பாடியிலும் பச்சைமலை அடிவாரத்து ஊர்களிலும் கோயில் திருவிழாக் கச்சேரிகள் தொடங்கிவிடும். நோட்டீஸில் பாடகர்களின் படம் இருக்கும். குழுவின் பெயரும், உபயதாரர்களின் பெயர்ப் பட்டியலும், மைக்செட் உரிமையாளரின் பெயரும் இருக்கும். மூன்று மணி நேரம் நின்றுகொண்டே லீட் கிட்டார் வாசிக்கப் போகிறவரின் பெயர் மட்டும் இருக்காது. மேடையிலும் அவருக்கு டிரம்ஸுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள இடுக்குதான் கிடைக்கும். இந்த இதழ் அவரைப் பற்றிப் பேச விரும்புகிறது.

இது ஊர்க்குழுவின் பழக்கம் மட்டுமல்ல, பெரிய இடத்திலிருந்து இறங்கி வந்தது. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டு கிட்டாரில் தொடங்குகிறது. நம் பக்கத்தில் கிட்டார் தொட்ட எவரும் முதல் ஆறு மாதத்துக்குள் அந்தத் தொடக்கத்தை வாசித்துப் பார்க்காமல் விட்டதில்லை. பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், எழுதியவர் வைரமுத்து, இசை இளையராஜா என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர். இளையராஜா குழுவின் டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனின் உடன்பிறந்தவர். இருவரும் எத்தனையோ பாடல்களில் தோளோடு தோள் நின்றவர்கள். அக்காலத்து இசைத்தட்டு உறைகளிலும் கேசட் உறைகளிலும் இவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. இளையராஜாவே கிட்டார்காரராகப் பிறர் குழுக்களில் உட்கார்ந்து வாசித்து வந்தவர், டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். அவர் பெயரை நாடறியும். அவர் எழுதிக்கொடுத்ததைக் கம்பியில் உயிர்ப்பித்த விரல்களை நாடறியவில்லை. பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயரை அச்சிட்டபோதுதான் நம் காதுக்குப் பழகிய பல ஒலிகளுக்கு ஆள் இருப்பது தெரிந்தது.

லீட் வாசிப்பவரை மறக்காத இடமும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ராக் குழு சவுண்ட்கார்டன். அதன் லீட் கிட்டார்காரர் கிம் தயில், கேரளத்திலிருந்து போன பெற்றோருக்கு 1960இல் பிறந்தவர். தத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். 1984இல் கிறிஸ் கார்னெலோடும் ஹிரோ யமமோட்டோவோடும் சேர்ந்து குழு தொடங்கினார். 1994இல் வந்த ‘சூப்பர்அன்நோன்’ தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. மறு ஆண்டு இரண்டு கிராமி விருதுகள் வந்தன. 2017இல் கார்னெல் இறந்தார். தயிலின் வாழ்க்கை இந்த அளவுக்குப் பதிவானதில் வியப்பில்லை. அவருடைய கருவியும் அதே அக்கறையோடு பதிவாகியிருக்கிறது என்பதுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அவர் கையில் இருப்பது கில்ட் நிறுவனத்தின் எஸ்-100 கிட்டார். அதில் பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பி கொஞ்சம் நீளமாக ஓடும். யாரும் தொடாத அந்தத் துண்டுக் கம்பியை மீட்டி அவர் ஒரு கூர்மையான சலசலப்பை எழுப்புவார். தடித்த ஆறாம் கம்பியை ஒரு முழுச் சுரம் தளர்த்தி ‘டி’க்கு இறக்கி, அடிவயிற்றிலிருந்து வரும் கனத்தை உண்டாக்குவார். ‘பிளாக் ஹோல் சன்’ பாட்டின் கிட்டார் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் அலைவதற்குக் காரணம் லெஸ்லி என்னும் சுழலும் ஸ்பீக்கர். இவையெல்லாம் அங்கே பள்ளிப் பையனுக்கும் தெரியும். கில்ட் நிறுவனம் பிறகு அவர் பெயரிலேயே ஒரு கிட்டாரைச் செய்து விற்றது.

கருவியைப் பற்றி எழுதுவது கடைக்காரர் வேலை என்று நம் எழுத்தாளர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். மின்கிட்டாரில் அந்தப் பிரிவினை செல்லாது. கம்பிக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி மயிரிழைச் செம்புக்கம்பி பல்லாயிரம் சுற்றும் இருக்கும். அதுதான் பிக்கப். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைந்து சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் பெருக்குவது அந்தச் சிறு மின்சாரத்தைத்தான். ஆகவே எந்தச் சுருள், எந்தக் கம்பி, எந்தப் பெட்டி என்பதைச் சொல்லாமல் அந்த இசையைச் சொன்னதாகாது.

நம் ஊர் மேடையில் இந்த விஞ்ஞானம் இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அதைப் பார்த்துச் செய்த மலிவு கிட்டார்களும் ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்டவை. மணிபோல ஒலிக்கும். ஆனால் கம்பியின் அதிர்வை வாங்கும் அதே சுருள், பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் வாங்கிவிடும். நம் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. மேலே டியூப்லைட். கோபுர உயரத்துக்கு ஓடி ஓடி அணையும் சீரியல் லைட்டு. எர்த் சரியாக இல்லாத பிளக். பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் ‘ங்ங்’ என்று இழுக்கும் சத்தம் அங்கிருந்து வருகிறது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்தார். ஹம்பக்கர் என்று பெயர். அது வாங்க வசதியில்லாத நம் கலைஞர் வேறொரு வழி கண்டுபிடித்தார். கிட்டாரின் முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து இரைச்சல் கூடும், குறையும். எனவே உடம்பை மெல்லத் திருப்பிக்கொண்டே போய், சத்தம் அடங்கும் கோணத்தில் நின்றுகொள்கிறார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லீட் வாசிப்பவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்த ஊர்க்காரர்கள் உண்டு. அவர் அவர்களுடைய காதுக்காகத்தான் திரும்பி நின்றார்.

கம்பியும் அப்படித்தான். சித்திரை வெயிலில் விரல் வியர்வை பட்டால் எஃகு துருவேறும். புது செட்டுக்குக் காசில்லாத பேஸ்காரர்கள் பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்து அழுக்கு நீக்கி மறுபடி மாட்டுவார்கள். ஒலி கொஞ்ச நாளைக்குத் திரும்பும். நம் பாட்டுகளில் கமகம் உண்டு. கிட்டாரின் கழுத்தில் படிப்படியாக உலோகக் கட்டை பதித்திருக்கிறது, சுரம் வழுக்காது. வழுக்க வேண்டுமானால் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், இழுபடுவதற்குக் கம்பி மெலிந்திருக்க வேண்டும், மெலிந்த கம்பி சீக்கிரம் அறும். கர்நாடக இசையை மின்கிட்டாரில் மேடையேற்றிய சுகுமார் பிரசாத்தும், அவருக்குப் பின் ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐஐடியிலும் பிறகு பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் படித்த பிரசன்னாவும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள். பிரசன்னா 2006இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ வெளியிட்டார். ராக் கிட்டாரின் உறுமலும் நம் தாளக் கருவிகளும் ஒன்றையொன்று பொறுத்துப் போகாமல், மோதிக் கலந்தே அதில் ஒலிக்கின்றன. தமிழில் அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்திருக்க வேண்டும்.

இப்போது அவசரம் ஒன்று இருக்கிறது. கீபோர்டு வந்தபோது முதலில் வயலின்காரர்கள் மேடையை விட்டு இறங்கினார்கள். பிறகு பேஸ் போனது, அதன் பின் லீட். இன்று பென் டிரைவில் டிராக் போட்டு இரண்டு பாடகர்கள் நின்றால் கச்சேரி ஆகிவிடுகிறது. ஆலயப் பாடகர் குழுவில் கார்டு பிடிக்கக் கற்று, கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டாரில் தேறி, இருபது முப்பது வருடம் ஊர் ஊராக வேனில் போய் வாசித்தவர்கள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்னும் இருக்கிறார்கள். சிலர் சிமெண்ட் ஆலை வேலையில், சிலர் மளிகைக் கடையில், சிலர் மலேசியாவில். இவர்களுடைய வாழ்க்கை ஒரு தலைமுறையின் இசை வரலாறு. படத்தில் ஒரு முறை ஒலித்த லீட்டை, நோட்ஸ் இல்லாமல், கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காதால் பிடித்து, நூறு கிராமங்களுக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். கர்நாடக வித்வானுக்கு இருக்கும் குருபரம்பரைக் குறிப்பு இவர்களுக்கும் வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று நான்கு பக்கம் ஒதுக்குகிறோம். முதலில் லீட், பேஸ் கிட்டார்காரர்கள், அடுத்து டிரம்ஸ், காங்கோ, தபேலா, கீபோர்டு. உங்கள் ஊரில் வாசித்தவர் ஒருவரைத் தெரிந்தால், அவர் சம்மதத்தோடு, உட்கார்ந்து பேசி எழுதியனுப்புங்கள். எந்தக் குழு, எந்த ஆண்டுகள், யாரிடம் கற்றார், முதல் கிட்டார் எது, அதை எப்படி வாங்கினார், பிறகு அது என்ன ஆனது, என்ன கம்பி போட்டார், யாருடைய ஆம்ப்பில் வாசித்தார், ஒரு இரவுக்கு என்ன சம்பளம், எந்தப் பாட்டின் லீட்டைப் பிடிக்க மிகவும் பாடுபட்டார் என்று கேளுங்கள். பழைய நோட்டீஸ் இருந்தால் அதன் படமும் வேண்டும். வாசித்தவர் பெயரை அதன் ஓரத்தில் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம்.