எருவைக் கழிவாக்கிய வாழ்க்கை

குப்பை என்னும் சொல்லை இற்றைத் தமிழர் முகஞ்சுளித்தே சொல்கின்றனர். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோக வேண்டிய ஒன்றுக்கு அது பெயராகிவிட்டது. ஆயின் அச்சொல்லின் பழம்பொருள் அதுவன்று. குவிந்து கிடப்பது எதுவோ அது குப்பை. நெல்லின் குவியலும் குப்பை. உப்பின் குவியலும் குப்பை. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் உண்டு. உழவர் வாயிலோ குப்பை என்பது எருவுக்கே பெயர். "வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்று ஓர் உழவர் மற்றோர் உழவரைக் கேட்பது ஊர்ப்புறத்து வழக்கு. கேட்பவர்க்கும் கேட்கப்படுபவர்க்கும் அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. குப்பை வண்டி வயலுக்குப் போவது செல்வம் வயலுக்குப் போவதாகும்.

ஒரே சொல் எருவையும் கழிவையும் குறிக்கக் கரணியம் என்ன? பழந்தமிழ் வீட்டில் அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன என்பதே. வீட்டின் பின்புறத்தே எருக்குழி ஒன்று இருந்தது. தொழுவத்துச் சாணி, மாடு தின்று கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், உண்டெறிந்த வாழையிலை, முற்றத்துச் சருகு ஆகிய யாவும் அக்குழியைச் சேர்ந்தன. மழையும் மண்ணும் கண்ணுக்குத் தெரியா நுண்ணுயிர்களும் தத்தம் வேலையைச் செய்தன. கோடையுழவின்போது குழியைத் திறந்தால், கறுத்துப் பொலபொலவென்று உதிரும் எரு கிடைத்தது. உழுவதினும் எருவிடுவதை மேலாக மதித்தவர் வள்ளுவர். அம்மதிப்பு நூலளவில் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் வாழ்ந்தது.

நகரங்களிலும் இந்நெறி முற்றும் அறியப்படாததன்று. நகராட்சி வண்டிகள் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் இடத்துக்குப் பல ஊர்களில் இன்றும் 'உரக்கிடங்கு' என்றே பெயர். ஊர்க்குப்பையை மக்கவைத்து உழவர்க்கு உதவும் நோக்கில் இட்ட பெயர் அது. பெயர் நிலைத்துவிட்டது, உரத்தைத்தான் காணோம். கிடங்கின் பக்கம் போகும் உழவர் எவரும் இலர். புகையும் நாற்றமும் தாங்காமல், அக்கிடங்கை வேறிடத்துக்கு மாற்றுக என்று முறையிடும் மக்களே உளர்.

இம்மாறுதலுக்கு, மக்கள்தொகை பெருகியதால் குப்பையும் பெருகிற்று என்று விடை கூறுவர் சிலர். அது அரைகுறை விடை. குப்பை பெருகினால் எருவும் பெருகியிருத்தல் வேண்டும் அன்றோ? எரு ஏன் குறைந்தது? கலப்பே அதற்குக் கரணியம். இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் பொருளே. மறுபாதியில் தாளும் கண்ணாடியும் மாழையும் விலைபோகும் பொருள்கள். ஆயினும் சோறும் நெகிழிப்பையும், கீரைத்தண்டும் மின்கலமும், பழத்தோலும் உடைந்த கண்ணாடியும் ஒரே தொட்டியில் விழுந்தவுடன் அனைத்தும் பயனற்றவை ஆகிவிடுகின்றன. சோறு பட்ட தாள் விலைபோகாது. நெகிழித் துணுக்கும் மின்கல நஞ்சும் கலந்த எருவை உழவர் தொடார். தனித்தனியே வைத்தால் எருவாகவும் காசாகவும் இருப்பவை, கலந்தால் நஞ்சாகின்றன. தூய்மையின் அருமையையும் கலப்பின் கேட்டையும் மொழித்துறையில் நன்குணர்ந்த தமிழர், அதே உண்மையைத் தம் வீட்டுக் குப்பைக்கூடையில் காணத் தவறலாகாது.

கலந்த குப்பை சென்று சேருமிடத்தைக் காண விரும்புவோர் சென்னையின் தென்புறத்தே பெருங்குடிக்குச் செல்க. மழைநீரை உள்வாங்கி, மிகை வெள்ளத்தைத் தாங்கி, பல்லாயிரம் பறவைகளுக்கு இடந்தந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியிலேதான் மாநகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டது. அச்சதுப்புநிலம் 2022-ஆம் ஆண்டில் உலகளாவிய முதன்மையுடைய ஈரநிலம் எனப் பன்னாட்டு இராம்சார்ப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்பிரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி, நாட்கணக்கில் எரிந்து, சுற்றுப்புறத்தைப் புகையில் ஆழ்த்திற்று. காற்றுப் புகாமல் அழுத்தப்பட்டு அழுகும் சோறும் காயும் மீத்தேன் என்னும் எரியும் வளியை உண்டாக்கும். அவ்வளிக்கு மேல் நெகிழி கிடந்தால் தீக்கு வேறு விறகு எதற்கு? கொல்லைக் குழியில் எருவாகியிருக்க வேண்டிய வாழையிலை, மலைபோற் குவிந்த கலப்பில் தீயாகிவிட்டது.

இனி, நெகிழி எவ்வாறு தமிழர் வீட்டுக்குள் நுழைந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். அது வெறுங்கை வழியே நுழைந்தது. முன்னாளில் கடைக்குச் செல்பவர் கையில் ஏதேனும் ஒரு கலம் இருக்கும். எண்ணெய்க்குக் குப்பி, பாலுக்குச் செம்பு, மீனுக்கு ஓலைப்பறி, கூலத்துக்குக் கடகம், பலகாரத்துக்குக் கொட்டான், உணவுக்குத் தூக்குச்சட்டி, பிறவற்றுக்குத் துணிப்பை. வெறுங்கையோடு கடைக்குப் போவது, ஏரின்றி வயலுக்குப் போவது போன்றது. கடைக்காரரும் மந்தாரையிலையிலோ தாளிலோ பொதிந்து, சணலால் கட்டித் தந்தார். பின்னர், கடைக்காரரே பை தருவார் என்னும் எண்ணம் வந்தது. அன்றுமுதல் வெறுங்கையே பெருமைக்கு அடையாளமாயிற்று. இன்று கொதிக்கும் தேநீரையும் குழம்பையும் நெகிழிப்பையில் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகின்றனர். பத்து நிமையப் பயனுக்காக எடுத்த பை, அவர் பேரன் நாளிலும் துணுக்குத் துணுக்காகச் சிதைந்து மண்ணில் கிடக்கும்.

இவ்வெறுங்கைப் பெருமைக்குப் பலியானது மஞ்சட்பை. திருமண வீட்டிலும் துணிக்கடையிலும் கிடைத்த அப்பை, தமிழ்நாட்டு எளிய குடும்பங்களின் உற்ற துணையாக இருந்தது. அதைக் கையிலேந்திப் பட்டணம் வந்தவனை ஒன்றுமறியாப் பட்டிக்காட்டான் என்று நகையாடினர். திரைப்படங்களும் அந்நகையாட்டை வளர்த்தன. இளைஞர் அதைத் தொடவே நாணினர். ஒரு குமுகாயத்தின் நல்ல பழக்கத்தைக் கெடுக்கச் சட்டமோ படையோ வேண்டியதில்லை. அப்பழக்கத்தைக் கண்டு அவர்களே நாணும்படி செய்துவிட்டாற் போதும். பொருள் போனால் பெயரும் போகும். கடகம், கொட்டான், பறி, தொன்னை என்னும் சொற்களைப் பொருளோடு அறிந்த மாணவர் இன்று ஒரு வகுப்பில் எத்துணைப் பேர்?

மற்றொன்று சிறுபொதி. சாம்பு என்று வழங்கும் தலைமுழுக்கு நுரைமத்தைச் சிறு பொதிகளில் அடைத்து விற்கும் முறை நாடெங்கும் பரவியதற்குக் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருட்டிணன் 1970-களில் செய்த முயற்சி ஒரு பெருந்தூண்டுகோல். செல்வர் நுகர்வதை ஏழையும் நுகர வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருத்தில் பழுதில்லை. நாட்கூலி பெறுவோர் புட்டி வாங்க இயலாது; ஒருநாள் தேவைக்கு ஒரு பொதி வாங்க இயலும். ஆயின் வழலை, தேநீர்த்தூள், மசாலைத்தூள், ஊறுகாய், பாக்குத்தூள் என ஒவ்வொன்றும் சிறுபொதியில் புகுந்தபோது, ஏழைக்கு எளிமை என்று தொடங்கியது ஊருக்குச் சுமையாக முடிந்தது. பொதியுறைகளுட் பல, நெகிழிப் படலமும் அலுமினியத் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டவை. அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது. ஆகவே பழம்பொருள் வாங்குவோரும் குப்பை பொறுக்குவோருங்கூட அவற்றைத் தொடுவதில்லை. சாக்கடையை அடைப்பவற்றிலும் வாய்க்காலில் மிதப்பவற்றிலும் அவற்றுக்குத் தவறாமல் இடமுண்டு.

அரசு வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப்பொருள்கள் பதினான்கு வகையை, தடிமன் எவ்வளவாயினும், 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழக அரசு தடை செய்தது. கைப்பை, குவளை, உறிஞ்சுகுழல், நீர்ப்பொதி முதலியன அப்பட்டியலில் அடங்கும். துணிபோல் தோன்றி மக்களை மயக்கும் நெய்யா நெகிழிப்பையும் அதில் உண்டு. 2021 திசம்பரில் மஞ்சட்பையை மீண்டும் மக்கள் கையில் சேர்க்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. பத்து உருபா இட்டால் துணிப்பை தரும் பொறியைக் கோயம்பேட்டுச் சந்தை 2022-இல் கண்டது. இவை பாராட்டத்தக்கவை.

ஆயினும் தண்டம் யார்மேல் விழுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். பூக்கூடைக்காரியின் பைக்கட்டைப் பிடுங்குதல் எளிது; தெருமுனைக் கடையில் சரஞ்சரமாகத் தொங்கும் பொதிகளை ஆக்கி அனுப்பும் பெருநிறுவனத்தின் வாயிலுக்குச் செல்லுதல் அரிது. பிரித்துப் பயன்படுத்த இயலாத பல்லடுக்கு நெகிழியை ஈராண்டில் ஒழித்தல் வேண்டும் என்று நடுவணரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறின. 2018-ஆம் ஆண்டுத் திருத்தமோ, எரித்து ஆற்றல் பெறத்தக்கதாயினும் மாற்றுப்பயன் உடையதாயினும் அது நீடிக்கலாம் என்று வழி திறந்துவிட்டது. சட்டத்தின் கதவு பெரியோர்க்கு அகலமாகவும் சிறியோர்க்கு இடுக்கமாகவும் இருப்பின், சிறியோர் அச்சட்டத்தை மதியார். ஆக்கியவனே தன் உறையைத் திரும்பப் பெறுக என்னும் கடமையை ஏட்டளவில் நிறுத்தாமல் நடைமுறையில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மக்கள் பங்குக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. துணிப்பை நல்லது என்றவுடன், ஒவ்வொரு திருமணத்திலும் ஆளுக்கொரு வெற்றிலைபாக்குப் பை, ஒவ்வொரு கூட்டத்திலும் பெயர் அச்சிட்ட ஒரு பை என்று வாரி வழங்குகின்றனர். வீடுதோறும் இருபது பை கதவின் பின்னே தொங்குகிறது. கடைக்குப் போகும்போது ஒன்றும் கையில் இல்லை. பருத்தி விளைக்க நீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் ஆற்றலும் நீரும் வேண்டும். ஒரு துணிப்பையை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்தினாலன்றி அவ்விழப்பு ஈடாகாது. பை துணியால் ஆயது என்பதனால் மட்டும் அறம் ஆகிவிடாது. கிழியுந்தனையும் பயன்படுவதே அறம். கிழிந்த பின்னும் அது கைப்பிடித் துணியாகவும் தரை துடைக்கும் துணியாகவும் பயன்பட்டதே பழைய வீட்டு வழக்கம்.

தஞ்சாவூரிற் பிறந்த சே.சி. குமரப்பா (1892–1960) நிலைபேறான பொருளியலைப் பற்றிச் சிறையிலிருந்தபடி ஒரு நூல் எழுதினார். அது 1945-இல் முடிந்தது. இயற்கை வளங்களை அவர் இருவகையாகப் பகுத்தார். ஓடும் ஆறுபோல் புதிது புதிதாய் வந்துகொண்டிருப்பது ஒன்று. தேங்கிய குளம்போல் எடுக்க எடுக்கக் குறைவது மற்றொன்று. மரமும் பயிரும் முன்னது; நிலக்கரியும் கல்லெண்ணெயும் பின்னது. தேங்கியதை நம்பி வாழும் குமுகாயம் அதன் பொருட்டு அடிபிடியிலும் போரிலும் இறங்கும் என்று அவர் எச்சரித்தார். வாழையிலை ஓடும் வளம். இன்று உண்டு எறிந்தால் நாளை எருவாகி மீண்டும் வாழையாகும். நெகிழித்தாளோ, கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் தேங்கிய கல்லெண்ணெயின் பிள்ளை. அதை ஒருவேளை உணவுக்கு விரித்து எறிதல், பாட்டன் தேடிய பொன்னை உருக்கிப் பல்குத்தும் குச்சி செய்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே, செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கலவாமை. மக்குவதை ஒரு கூடையிலும், மக்காததை ஒரு கூடையிலும், மின்கலம், மருந்து, உடைந்த விளக்கு போன்ற இடர்ப்பொருளை வேறோரிடத்திலும் வைத்தல். இடமுள்ள வீட்டில் குழியும், மாடிவீட்டில் துளையிட்ட மண்தொட்டியும் போதும். காய்த்தோலோடு காய்ந்த சருகையும் சேர்த்து அவ்வப்போது கிளறிவிட்டால் நாறாது, சில திங்களில் எருவாகும். வீட்டார் பிரித்துத் தந்ததை ஒரே வண்டியில் கலந்து கொட்டும் உள்ளாட்சிகளைத் தட்டிக்கேட்பதும் இக்கடமையின் பாற்பட்டதே. பிரித்தவர் உழைப்பை அக்கலப்பு ஒரு நொடியில் பாழாக்குகிறது. இரண்டாவது, வெறுங்கையோடு புறப்படாமை. பையும் தூக்குச்சட்டியும் செருப்பைப் போல, வாயிலைத் தாண்டும்போது நினைவுக்கு வருதல் வேண்டும். மூன்றாவது, வாங்குமுன் எண்ணுதல். வேண்டாததை வாங்காதவன் வீட்டில் எறிவதற்கு ஒன்றும் சேராது.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பிறநாட்டு அறிவுரையும் வேண்டியதில்லை. நாணத்தை மட்டும் இடம்மாற்றி வைத்தல் வேண்டும். மஞ்சட்பை ஏந்திச் செல்ல நாணியவர், நெகிழிப்பையைத் தொங்கவிட்டுச் செல்ல நாணுக. தூக்குச்சட்டியைக் கடையில் நீட்ட நாணியவர், கலந்த குப்பையைத் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கும்படி விட்டுவைக்க நாணுக. அந்நாணம் வந்த நாளில் உரக்கிடங்கில் மீண்டும் உரம் இருக்கும். குப்பை என்னும் சொல்லைத் தமிழர் முகஞ்சுளியாமல் சொல்வர்.