கறுப்புத் திரைக்கு முன்னால ஆர் நிக்கிறது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோட விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தினது. விண்டோஸ் 11 போடுவம் எண்டா டிபிஎம் 2.0 கேக்குது, புது புரொசசர் கேக்குது. கலைப்பீடத்தில கனபேரிட்ட இருக்கிறது அண்ணா, அக்காமார் பாவிச்சு முடிச்ச லப்டொப்தான். அதால நாங்கள் காணுற ஆக்களுக்கெல்லாம் "உபுண்டு போடுங்க, காசும் இல்ல, வைரசும் இல்ல" எண்டு சொல்லித் திரிஞ்சம்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை பாசிக்குடாவில தோழி ஒருத்தியின் வீட்டு விறாந்தையில போய் இருந்தம். இன்ஸ்டோல் எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது. ரீஸ்டார்ட் பண்ணினம். கம்பனி லோகோ வந்தது, மறுகா திரை கறுப்பு. காத்தாடி சுத்துற சத்தம் மட்டும் கேக்குது. திரும்பவும் இன்ஸ்டோல் பண்ணினம். திரும்பவும் கறுப்பு. மூண்டாம் தரம் செய்யேக்க பொழுது பட்டுட்டு. அவளிட அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வச்சிட்டு, "இருந்ததையும் கெடுத்துப் போட்டீங்களா புள்ளயள்?" எண்டு கேட்டா. எங்களிட்டப் பதில் இல்லை. கோப்புகளை முதலே பென் டிரைவில எடுத்து வச்சிருந்தது மட்டும்தான் நாங்கள் செய்த ஒரே நல்ல வேலை. திங்கட்கிழமை அவள் கடையில காசு குடுத்துப் பழைய விண்டோசையே போட்டுக்கொண்டு வந்தாள்.

திரும்பத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணினதுதான் மடத்தனம் எண்டு பிறகுதான் விளங்கிச்சு. திரை கறுப்பு எண்டதுக்காக உள்ள இருக்கிறது செத்துப்போயிற்று எண்டு அர்த்தமில்லை. கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூண்டையும் சேத்து அமத்தினா எழுத்து மட்டும் உள்ள திரை வந்தால், சிஸ்டம் உயிரோட இருக்கு. போன் டோர்ச்சைத் திரைக்குக் கிட்டப் பிடிச்சா மங்கலாப் படம் தெரியுதா? அப்ப பின்னொளி மட்டும்தான் எரியேல்லை. ரெண்டும் இல்லாட்டி, தொடங்கேக்க ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அமத்தி குரப் மெனுவை எடுங்க. அதில 'ஈ' எழுத்தை அமத்தி, லினக்ஸ் எண்டு தொடங்குற வரியின் கடைசியில ஒரு இடைவெளி விட்டு, நோ, மோட், செட் எண்ட மூண்டு ஆங்கிலச் சொல்லையும் சின்ன எழுத்தில ஒட்டி எழுதி எஃப்10 அமத்துங்க. 'கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாத, லப்டொப் தந்த அடிப்படைத் திரையையே பாவி' எண்டு கேர்னலுக்குச் சொல்றதுதான் இது. பல நேரம் திரை வந்திடும். ஆனா இது ஊன்றுகோல்தான். திரை பெரிசாத் தெரியும், வெளிச்சம் கூட்டிக் குறைக்க ஏலாது. உள்ள போய்ச் சரியான டிரைவரைப் போட்டபிறகு அந்தச் சொல்லை எடுத்திடோணும். அதை அப்படியே நிரந்தரமா விடச் சொல்ற ஆக்களும் இருக்கினம், கேக்காதீங்க.

இந்தப் பிரச்சினை லினக்ஸ் எழுதுற ஆக்கள்ர சோம்பலால வந்ததில்லை எண்டதையும் சொல்லோணும். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்சுக்குத் திறந்த டிரைவர் கேர்னலோடயே வரும். என்விடியா கனகாலம் தன்ர டிரைவரைப் பூட்டியே வச்சிருந்தது. நூவோ எண்ட திறந்த டிரைவரை ஆர்வலர்கள் கார்டைக் கிண்டிக் கிண்டித்தான் எழுதினாங்க. 2012இல பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில லினஸ் டோர்வால்ட்ஸ் கமெராவுக்கு முன்னாலயே அந்தக் கம்பனிக்கு நடுவிரலைக் காட்டினார். 2022 மே மாதம்தான் கேர்னல் பகுதியைத் திறந்து விட்டாங்க, அதுவும் 2018இல இருந்து வந்த புதுத் தலைமுறைக் கார்டுகளுக்கு மட்டும். பழைய லப்டொப் வச்சிருக்கிற எங்களுக்கு அதால லாபமில்லை. செக்கன்ட் ஹேண்டில வாங்கப் போறீங்க எண்டா இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ளதையே தேடுங்க. கட்டுரை எழுத அது காணும்.

ஆனாலும் பாசிக்குடாவில நடந்ததுக்கு நாங்கள் எந்தக் கம்பனியையும் குறை சொல்லப் போறதில்லை. பிழை எங்கட. சுதந்திர மென்பொருள் எண்டு பெரிய கதை கதைச்சம், திரை கறுத்தவுடன "தேடிப் பாருங்க" எண்டு சொல்லிட்டு பஸ் ஏறிட்டம். எதில தேடுறது? லப்டொப்தானே கறுப்பா இருக்கு. போனில டேட்டா போட்டு, விளங்காத ஆங்கிலத்தில, அசைன்மென்ட் குடுக்கிற கிழமையில? 2012இல இருந்து கணியம் இதழ் தமிழில எழுதிக்கொண்டு வருகுது. இருந்தும், எங்கட கைக்கு வந்த மடிக்கணினிகளில என்ன நடந்தது, எதால சரிவந்தது எண்டு நாங்கள் ஒரு வரிகூடத் தமிழில எழுதி வைக்கேல்லை. அடுத்த ஆள் அதே கறுப்புத் திரைக்கு முன்னால முதல்ல இருந்து தொடங்கோணும்.

இப்ப ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கம். பென் டிரைவில இருந்தே ஓட்டிப் பாக்காமல் ஒருத்தருக்கும் போடுறதில்லை. அப்ப மெனுவில 'சேஃப் கிராஃபிக்ஸ்' எண்டதைத் தெரிவு செய்யிறதும் இல்லை, அது அந்த ஊன்றுகோலோடயே தொடங்கிப் பிரச்சினையை மறைச்சுப்போடும். வெளிச்சம் கூடிக் குறையுதா, மூடித் திறந்தா திரை திரும்ப வருகுதா, புரொஜெக்டரில படம் விழுகுதா எண்டு பாப்பம். பிரசன்டேஷன் நாளில புரொஜெக்டர் வேலை செய்யாட்டி சுதந்திரம் பற்றிப் பேசி என்ன பலன்? எதாவது ஒண்டு சரிவராட்டி, "உங்கட லப்டொப்புக்கு இது இப்ப வேணாம்" எண்டு சொல்லுவம். போட்டுக் குடுத்தா, செய்ததைத் தமிழில ஒரு தாளில எழுதிக் குடுப்பம். ஒரு கிழமைக்குள்ள திரும்பப் போய்ப் பாப்பம்.

அந்தத் தோழி இன்னொருக்காப் போட்டுப் பாப்பம் எண்டு சொல்றாள். வாற சனிக்கிழமை பாசிக்குடா போறம். இந்த முறை அவளிட அம்மாவுக்கு முதலே சொல்லிட்டம், திரை வரும்வரைக்கும் நிப்பம், வராட்டிப் பழையபடி விண்டோசைப் போட்டுக் குடுத்திட்டுத்தான் வெளிக்கிடுவம் எண்டு.