சாட்டிலைட் டிவிக்கு மாறப் போறீங்களா? பாசிர் கூடாங் வீட்டுக்கு எந்த சேனல் வரும், எது போகும்?

வீட்டில் டிஷ் மாட்டலாம் என்று பேச்சு வந்ததும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு?" இரண்டாவது, "தமிழ் சேனல் எத்தனை?" மூன்றாவது கேள்வி பெரும்பாலும் டிஷ் மாட்டி முடித்த பிறகுதான் வரும்: "இவ்வளவு நாள் வந்த அந்த சேனல் எங்கே போச்சு?"

மலேசியாவின் மற்ற ஊர்களைவிட பாசிர் கூடாங்கில் இந்த மூன்றாவது கேள்விக்கு மதிப்பு அதிகம். ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். எல்லையோர ஊர் என்பதால், சாட்டிலைட்டுக்கு மாறும்போது உங்களுக்குக் கிடைப்பதும் உண்டு, கைவிட்டுப் போவதும் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே சரிபார்ப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூகளில் தேடினால் ஏன் குழப்பம்?

"சாட்டிலைட் டிவி, உள்ளூர் சேனல்" என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள், உங்கள் ஊர் சேனல்கள் பட்டியல் வரும் என்று பல பக்கங்கள் சொல்லும். அது பெரும்பாலும் அமெரிக்காவுக்கான அறிவுரை. அங்கே டிவி சந்தை 210 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி நிலையங்கள் உண்டு. அந்த நிலையங்களை அந்தந்த வட்டாரத்துக்கே சாட்டிலைட் வழியாகக் கொடுக்க, 1999இல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். அதனால் அங்கே முகவரி மாறினால் உள்ளூர் சேனலும் மாறும்.

நம் நிலைமை வேறு. டிவி1, டிவி2, டிவி3 எல்லாம் தேசிய சேனல்கள். சரவாக்கில் 2020இல் தொடங்கிய டிவிஎஸ் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி ஜொகூர் செய்தி, தேசியச் செய்திக்குள் ஒரு பகுதியாகத்தான் வருகிறது. பெர்லிஸில் இருந்தாலும் பாசிர் கூடாங்கில் இருந்தாலும் அதே பேக்கேஜுக்கு ஏறக்குறைய அதே பட்டியல்தான். அப்போ இங்கே கேட்க வேண்டியது "என் அஞ்சல் குறியீட்டுக்கு என்ன சேனல்?" என்பதல்ல. "என் கூரையில் இருக்கும் கருவி எந்தத் திசையைப் பார்க்கிறது?" என்பதுதான்.

ஒரே கூரை, மூன்று திசை

பாசிர் கூடாங் வீட்டுக்கு டிவி சிக்னல் மூன்று இடங்களிலிருந்து வரலாம்.

ஒன்று, மலேசியாவின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு. மைடிவி நிறுவனம் நடத்தும் இலவச சேவை இது. 2019 அக்டோபர் 31உடன் நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு டீகோடர் அல்லது டிஜிட்டல் வசதி உள்ள டிவி, கூடவே ஒரு யூஎச்எஃப் ஏரியல் இருந்தால் போதும். மாதக் கட்டணம் இல்லை. ஜொகூர் பாரு வட்டாரத்துக்கு முக்கியமான ஒளிபரப்புக் கோபுரம் குனோங் பூலாயில் இருக்கிறது. பாசிர் கூடாங்கிலிருந்து பார்த்தால் அது மேற்கு, வடமேற்குப் பக்கம்.

இரண்டு, சிங்கப்பூரின் தரைவழி ஒளிபரப்பு. மீடியாகார்ப்பின் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில். நமக்கு அது தென்மேற்கு. 2019 தொடக்கத்தில் சிங்கப்பூரும் அனலாக்கை நிறுத்திவிட்டது. கவனிக்க வேண்டியது: இரண்டு நாடுகளும் டிவிபி-டி2 என்ற ஒரே தொழில்நுட்பத்தைத்தான் பயன்படுத்துகின்றன. சிக்னல் எட்டும் இடத்தில், ஏரியல் சரியான பக்கம் பார்த்தால், சிங்கப்பூர் சேனல்களும் பிடிக்கலாம். 2008 அக்டோபரில் முழுநேர சேனலாக மாறிய வசந்தமும் அதில் ஒன்று.

மூன்று, சாட்டிலைட். ஆஸ்ட்ரோவும் அதன் சந்தா இல்லாத என்ஜோயும் மீசாட் செயற்கைக்கோள்கள் வழியாக வருகின்றன. அவை பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 91.5 டிகிரியில் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து அது மேற்குப் பக்கம், ஆனால் தரையிலிருந்து ஏறக்குறைய 75 டிகிரி உயரத்தில். கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்று சொல்லலாம்.

பிளாட்டில் இருப்பவர்கள் அந்த 75 டிகிரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பால்கனி மேற்கைப் பார்த்தால் மட்டும் போதாது. மேல்மாடி பால்கனியின் தரையே உங்கள் டிஷ்ஷுக்குக் கூரையாகி வானத்தை மறைக்கும். டிஷ்ஷைச் சுவருக்கு வெளியே நீட்டி மாட்டவோ மொட்டை மாடியில் வைக்கவோ வேண்டியிருக்கும். அதற்கு குடியிருப்பு நிர்வாகத்தின் அனுமதி கேட்க வேண்டிவரும்.

மாறினால் என்ன கிடைக்கும், என்ன போகும்?

கிடைப்பது தெளிவு. வானவில், விண்மீன் போன்ற உள்ளூர்த் தயாரிப்புகளைக் காட்டும் தமிழ் சேனல்கள், தமிழ்நாட்டு சேனல்கள், சினிமா, விளையாட்டு. தரைவழியில் இந்த அளவுக்குத் தமிழ் கிடையாது. டிவி2இலும் பெர்னாமா டிவியிலும் தமிழ்ச் செய்தி வருகிறது. ஆனால் நாள் முழுக்க தமிழ் வேண்டும் என்றால் அது போதாது. தாத்தா பாட்டி இருக்கும் வீடுகள் சாட்டிலைட்டுக்குப் போவதற்கு இதுதான் பெரிய காரணம். நியாயமான காரணமும்கூட.

போவது இரண்டு. முதலாவது, சிங்கப்பூர் தரைவழி சேனல்கள். டிஷ் மாட்டியதும் பழைய ஏரியலைக் கழற்றிவிட்டால் அவையும் போய்விடும். "மீவாட்ச் ஆப்பில் பார்த்துக்கலாம்" என்று நினைக்கலாம். ஆனால் அதில் பல நிகழ்ச்சிகள் சிங்கப்பூருக்குள் மட்டும் பார்க்கும்படி பூட்டப்பட்டவை. வானலை எல்லை தாண்டும். ஆப் தாண்டாது.

இரண்டாவது, மழை நேரத்து டிவி. ஆஸ்ட்ரோ, என்ஜோய் டிஷ்கள் பிடிப்பது கேயூ பேண்ட் அலைகளை. இந்த அலைகளின் நீளம் சில சென்டிமீட்டர்தான். கனமழைத் துளிகள் அவற்றை விழுங்கிவிடும். சாயந்திரம் இடியோடு கொட்டும்போது திரை உறைந்து போவது இதனால்தான். தரைவழி யூஎச்எஃப் அலைகள் அதைவிட நீளமானவை. மழை அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயமா?

இல்லை. 2019 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசிர் கூடாங்கில் மூச்சுத்திணறலும் வாந்தியுமாக மாணவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2,700க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன.

அந்த மாதிரி ஒரு நாளில் உங்களுக்கு ஃபோனில் தகவல் வந்துவிடும். மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துப் புரிந்துகொள்வீர்கள். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு? ஜன்னலை மூடணுமா, வெளியே போகலாமா, பேரப்பிள்ளையின் பள்ளி இருக்கா இல்லையா என்பதை அவர் தமிழில், டிவியிலோ வானொலியிலோதான் தெரிந்துகொள்வார். வெள்ள நேரத்திலும் இதே கதைதான். எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் நேரமும் டிஷ் சிக்னல் தடுமாறும் நேரமும் ஒன்றாகவே வரும், ஏன்னா இரண்டுக்கும் காரணம் அதே மழை.

அதனால் "தரைவழியா, சாட்டிலைட்டா?" என்ற கேள்வியே கொஞ்சம் தப்பு. கட்டணம் இல்லாத தரைவழி அடிப்படையாக இருக்கட்டும். சாட்டிலைட் அதற்கு மேல் ஒரு கூடுதல். ஒன்றுக்காக இன்னொன்றைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு டிவியில் இரண்டையும் இணைக்கலாம்: ஏரியல் கம்பி டிவியின் அண்டெனா துளைக்கு, சாட்டிலைட் டீகோடர் எச்டிஎம்ஐ துளைக்கு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஐந்து வேலை

1. இப்போது வரும் சேனல்களைப் பட்டியலிடுங்கள். டிவியில் அண்டெனா முறைக்குப் போய் ஆட்டோ ஸ்கேன் செய்யுங்கள். ஏரியலைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் ஒரு தடவை. இரண்டிலும் வந்ததைத் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

2. வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அம்மா தினமும் பார்ப்பது நான்கே சேனல் என்றால், நூறு சேனல் பேக்கேஜ் எதுக்கு?

3. அந்தச் சேனல்கள் நீங்கள் வாங்கப்போகும் பேக்கேஜிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். "ஆஸ்ட்ரோவில் இருக்கு" என்பதும் "நம்ம பேக்கேஜில் இருக்கு" என்பதும் வேறு வேறு. பழைய விளம்பரத்தை நம்பாமல் நிறுவனத்தின் இன்றைய பட்டியலைப் பாருங்கள். சேனல்கள் வரும், போகும், எண்ணும் மாறும். முதலில் என்ஜோய் பட்டியலைப் பார்ப்பது நல்லது. பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது.

4. ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்டணம், வாடகை வீடு மாறினால் டிஷ்ஷை யார் மாற்றுவது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலைக்காகப் பாசிர் கூடாங்குக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

5. வீட்டில் நல்ல இணையம் இருந்தால், டிஷ் உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். ஆஸ்ட்ரோவின் புதிய பெட்டிகள் டிஷ் இல்லாமல் பிராட்பேண்டிலும் இயங்கும். மழை பிரச்சினையும் பால்கனி பிரச்சினையும் அதில் இல்லை. ஆனால் இணையம் போனால் டிவியும் போகும்.

"ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒண்ணு வாங்கினா எல்லாமே வருமே" என்று யாராவது சொல்வார்கள். உரிமம் இல்லாமல் சேனல்களைக் காட்டும் பெட்டிகளை விற்பவர்கள் மீது 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாய்கிறது. அபராதம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 200,000 ரிங்கிட் வரை, சிறை 20 ஆண்டு வரை. அந்த சேவை ஒரு நாள் ராத்திரியோடு நின்றுபோனால், கட்டிய காசைக் கேட்க உங்களுக்கு ஆள் இருக்காது.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

அனலாக்கை நிறுத்தியதற்கு ஒரு முக்கியக் காரணம், 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை கைப்பேசி இணையத்துக்குத் திருப்பிவிடுவது. டிவியிடமிருந்து இணையத்துக்கு இடம் போய்க்கொண்டே இருக்கிறது. பார்வையாளர்களும் அதே பக்கம்தான் போகிறார்கள். இளைஞர்களுக்கு அதில் நட்டம் குறைவு. ஆனால் இலவசமாக, பாஸ்வேர்ட் இல்லாமல், ஒரு பட்டனை அழுத்தினால் தமிழில் செய்தி சொல்லும் பெட்டி இன்னும் டிவிதான்.

டிஷ் மாட்ட வரும் டெக்னீஷியன் "அந்தப் பழைய ஏரியல் இனி எதுக்கு, கழட்டிடவா?" என்று கேட்டால், "இருக்கட்டும் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.